தோ சங்கமும் டோ சங்கமும்

ஓப்பநாயக்க பஸ்ஸில் ஒரு மனிதன் ரோசலின் மேரி மீது வாரக்கணக்காகச் சாய்ந்துகொண்டு வந்தான். பஸ்ஸில் இடம் இல்லாதபோது சாய்ந்தான். இடம் இருந்தபோது இன்னும் வசதியாகச் சாய்ந்தான். அதனால்தான் அவள் கராத்தே வகுப்பில் சேர்ந்தாள். சேர்ந்து கொஞ்ச நாளில், ஒரு காலைப் பின்னால் ஊன்றி, இரண்டு கைகளையும் மடக்கி, அவனைத் திரும்பிப் பார்த்தாள். அடிக்கவில்லை, பார்த்ததோடு சரி. அவன் அடுத்த தரிப்பில் இறங்கிவிட்டான். அது அவன் இறங்கவேண்டிய தரிப்பு இல்லை என்பது பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

இந்தச் செய்தி மேல்கந்தைத் தோட்டத்துக்கு பஸ்ஸுக்கு முன்பே வந்து சேர்ந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து இளம்பெண்கள் பாதிப்பேர் கராத்தே பழக வந்து நின்றார்கள். வகுப்பு நடத்திய ஸ்ரான்லி மாஸ்டர் சந்தோஷத்தில் அவர்களை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுகிற வேலை அவருக்கு. அதுவரைக்கும் அவரிடம் இருந்த மாணவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் கடன்காரர்களுக்குப் பயந்து பழகிக்கொண்டிருந்தவர்.

பெண்கள் வந்துவிட்டார்கள், பழக இடம்தான் இல்லை. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் பழகினார்கள். ஒரு உதை முடிவதற்குள் கொழுந்துச் சாக்கு வந்துவிடும். கணக்கப்பிள்ளை, "ஏய், காலை எடு, தராசு ஆடுது" என்று விரட்டுவார். வெளியே வந்தால் மழை. அந்தப் பக்கத்து மழைக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது.

தோட்டத்தில் பழைய அரிசிக் காம்பரா ஒன்று பூட்டிக் கிடந்தது. தொழிலாளருக்கு அரிசி அளந்து கொடுத்த காலத்துக் கட்டடம். நல்ல சீமெந்துத் தரை, தகரக் கூரை, உள்ளே எலிகளைத் தவிர ஆள் இல்லை. அதைக் கேட்டுக்கொண்டு ஸ்ரான்லி மாஸ்டரும் ரோசலினும் தோட்டத்து நிர்வாகியான பெரிய தொரையின் ஒபிசுக்குப் போனார்கள்.

"பிள்ளைங்க மழையில நனையுதுங்க தொரை," என்றார் மாஸ்டர்.

"நனையட்டும் ஸ்ரான்லி. கராத்தேன்னா கஷ்டம் வேணும்," என்றார் தொரை. பிறகு ரோசலினைப் பார்த்தார். "கணக்கப்பிள்ளை அந்தக் காம்பரா பழைய உரச்சாக்கு போட வேணும்னு கேக்குறார். உரச்சாக்குக்கு ஒரு பிரயோசனம் இருக்கு. உங்க கராத்தேக்கு என்னா பிரயோசனம்? சப்ரகமுவ சம்பியன் ஒன்னு கொண்டு வா. சாவி நான் தாறேன்."

ரோசலின் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறவள். தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போனபிறகு கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. நாள் முழுவதும் கடிக்கிற, பிறாண்டுகிற, பின்னாலிருந்து தாக்குகிற எதிரிகளோடு பழகியவள். ஒரு சம்பியன் பட்டம் அவளுக்குப் பெரிய காரியமாகத் தோன்றவில்லை.

"கொண்டு வாறேங்க," என்றாள்.

வெளியே வந்ததும் ஸ்ரான்லி மாஸ்டர் தலையில் கைவைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னா மாஸ்டர்?"

"சப்ரகமுவ சம்பியன் போட்டி ரெண்டு இருக்கு ரோசலின்."

"ரெண்டா? சப்ரகமுவ ஒன்னுதானே?"

"மாகாணம் ஒன்னு. சங்கம் ரெண்டு."

அவர் சொன்ன வரலாறு இது. முன்பு சங்கம் ஒன்றுதான். அதில் பெரிய மாஸ்டர்கள் இருவர். ஒருவர் இரத்தினபுரியில் மாணிக்கக் கல் வியாபாரம் செய்த குணதிலக்க. மற்றவர் கேகாலையில் வாகனம் ஓட்டப் பழக்கும் பள்ளி வைத்திருந்த இருதயராஜ். ஒரு போட்டியின் தொடக்க விழாவில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். முதல் திரி பிரதம விருந்தினர். இரண்டாவது திரி அவருடைய மனைவி. மூன்றாவது திரிக்கு இருவரும் ஒரே சமயத்தில் மெழுகுதிரியை நீட்டினார்கள். இருவரும் கராத்தே தெரிந்தவர்கள், ஆகவே யாரும் கையைப் பின்வாங்கவில்லை. விளக்கு சாய்ந்தது. பிரதம விருந்தினரின் சட்டைக் கை பற்றிக்கொண்டது. அவரை அணைத்து முடிப்பதற்குள் சங்கம் இரண்டாகிவிட்டது.

பெயரை யார் வைத்துக்கொள்வது என்று பெரிய வழக்காகி, கடைசியில் 'வழி' என்று பொருள்படும் ஒரே ஜப்பான் சொல்லை இரண்டு விதமாக உச்சரித்துச் சமாதானமாகப் பிரித்துக்கொண்டார்கள். இரத்தினபுரியில் இருப்பது சப்ரகமுவ கராத்தே-தோ சங்கம். கேகாலையில் இருப்பது சப்ரகமுவ கராத்தே-டோ சங்கம். அன்றிலிருந்து தோ என்று சொன்னவன் முகத்தில் டோ விழிப்பதில்லை.

"ரெண்டுல எது நெசம் மாஸ்டர்?"

"தோகாரங்கள கேட்டா தோ. டோகாரங்கள கேட்டா டோ."

"நம்ம எதுல இருக்கோம்?"

ஸ்ரான்லி மாஸ்டர் தம் கராத்தே உடுப்பின் நெஞ்சுப் பக்கத்தைக் காட்டினார். அங்கே சங்கத்துச் சின்னம் பிரஸ் பட்டனால் பொருத்தப்பட்டிருந்தது. கழற்றித் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் மற்றச் சங்கம்.

அது இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம். நாட்டில் சண்டை பிடித்த பெரிய தரப்புகள்கூடப் பேச்சுவார்த்தைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். கராத்தேச் சங்கங்கள் மட்டும் போகவில்லை. சனிக்கிழமை இரத்தினபுரியில் தோ சம்பியன் போட்டி, ஞாயிற்றுக்கிழமை கேகாலையில் டோ சம்பியன் போட்டி என்று அறிவித்திருந்தார்கள். ஒன்றில் கலந்துகொண்டவருக்கு மற்றதில் ஆயுள் தடை.

"ரெண்டுக்கும் போவோம்," என்றாள் ரோசலின். "எனக்கு ரெண்டு பேர் இருக்குதானே. சனிக்கிழமை ரோசலின், ஞாயித்துக்கிழமை மேரி. பொய் ஒன்னுமில்லையே."

மாஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார்.

இரத்தினபுரி மண்டபத்தில் போட்டி காலையில் தொடங்கும் என்றார்கள். காலையில் தொடங்கியது பேச்சுகள். மேடை நடுவில் சிவப்பு வெல்வெட் நாற்காலி ஒன்று இருந்தது. அதில் ஹன்ஷி குணதிலக்க அமர்ந்திருந்தார். ஹன்ஷி என்பது கராத்தேயில் மிகப் பெரிய பட்டம். யார் கொடுத்தது என்று கேட்டால் ஜப்பான் என்பார். ஜப்பானில் யார் என்று கேட்டால், ஜப்பான் முழுவதும் என்பார். சங்கம் பிரிந்தபோது இருவரும் எட்டாம் டான். ஒருவர் ஒரு படி ஏறினால் மற்றவரும் மறுநாளே ஒரு படி ஏறி, இப்போது இருவரும் பன்னிரண்டில் நின்றார்கள். கராத்தேயில் பத்துக்கு மேல் டான் கிடையாது என்று அவர்களிடம் சொல்ல சப்ரகமுவையில் யாருக்கும் தைரியம் இல்லை.

ஹன்ஷி சிங்களத்தில் பேசினார். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது நன்றாக விளங்கும். விளங்காமல் இருந்திருந்தால் நல்லது என்று ரோசலின் பிறகு நினைத்தாள்.

"பிள்ளைகளே, கராத்தேயின் முதல் பாடம் பணிவு. என்னைவிடப் பணிவானவர் இந்த மாகாணத்தில் இல்லை. இருந்தால் அவர் மேடைக்கு வரட்டும், பார்ப்போம். சிலர் கேகாலையில் ஒரு சங்கம் இருப்பதாகச் சொல்கிறார்கள். அப்படி ஒரு சங்கமே இல்லை. நாளைக்கு அந்த இல்லாத சங்கத்தின் போட்டிக்கு யார் யார் போகிறார்கள் என்று பார்க்க நம்முடைய ஆட்களை அனுப்பியிருக்கிறேன். அவர்களுக்கு நாம் பயப்படவில்லை. அதனால்தான் அவர்களோடு ஒருநாளும் மோதுவதில்லை!"

மண்டபம் அதிரக் கைதட்டியது.

போட்டி விதிகள் வாசிக்கப்பட்டன. களத்துக்கு வருகிறவர் ஹன்ஷியின் நாற்காலிக்கு வணக்கம் செலுத்த வேண்டும். புள்ளி எடுத்தாலும் செலுத்த வேண்டும். புள்ளி கொடுத்தாலும் செலுத்த வேண்டும். ரோசலினின் முறை வந்தபோது ஹன்ஷி சாப்பிடப் போயிருந்தார். அவள் நடுவரைப் பார்த்தாள்.

"நாற்காலிக்குத்தான் நங்கி," என்றார் நடுவர், சிங்களத்தில் தங்கச்சி என்று முறை வைத்து. "ஹன்ஷி இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று."

நடுவர் சொன்னதில் எவ்வளவு உண்மை இருந்தது என்பது அவருக்கே தெரியாது. ரோசலின் வெறும் நாற்காலிக்குக் குனிந்து நிமிர்ந்தாள்.

இறுதிப் போட்டியில் எதிரே நின்றவள் கலவானப் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெண், நிரோஷா. உயரமானவள், நீளமான கால். நல்ல போட்டியாக இருந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் நாற்காலியை வணங்கி வணங்கி இருவருக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டது. கடைசியில் நிரோஷா ஒரு தடவை குனிந்து நிமிரப் பிந்தினாள், ரோசலின் வென்றாள். கையில் ஒரு கிண்ணம் வந்தது. சப்ரகமுவ சம்பியன்.

மறுநாள் கேகாலை. ஸ்ரான்லி மாஸ்டர் பஸ்ஸிலேயே சின்னத்தைத் திருப்பி மாட்டிக்கொண்டார். இங்கே நாற்காலி இல்லை. சுவர் முழுவதும் ஹன்ஷி இருதயராஜின் படம். படத்தில் அவர் ஒரு செங்கல்லைத் தலையால் உடைத்துக்கொண்டிருந்தார். வணக்கம் படத்துக்கு. நேற்று வலது பக்கம் தொங்கவேண்டும் என்று சொன்ன இடுப்புப் பட்டியின் முடிச்சு, இங்கே இடது பக்கம் தொங்க வேண்டும். வலது பக்கம் தொங்கினால் ஒழுக்கக் கேடு.

ஹன்ஷி இருதயராஜ் தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறி கியர் போட்டுப் பேசினார்.

"எனக்கு வேண்டியது ஒற்றுமைங்க. நான் ஸ்டியரிங்கில இருந்தா, மத்தவங்க பின் சீட்டில இருந்தா, அதுக்குப் பேர் ஒற்றுமை. ஒற்றுமைக்காகத்தான் நாங்க பிரிஞ்சோம். தேவைப்பட்டா ஒற்றுமைக்காக இன்னமும் பிரிவோம்! நம்ம சங்கத்தில ஜனநாயகம் இருக்கு. போன வருஷம் தலைவர் தெரிவு வெச்சோம். போட்டியிட்டது நான் ஒருத்தன். ஓட்டு இருந்ததும் எனக்கு ஒருத்தனுக்குத்தான். அப்படி இருந்தும் ரகசிய வாக்கெடுப்புதான் வெச்சேன். யாருக்குப் போட்டேன்னு இன்னைய வரைக்கும் யாருக்கும் சொல்லல!"

மண்டபம் அதிரக் கைதட்டியது. அந்தக் கைதட்டலை எங்கேயோ கேட்டது போல இருக்கவே, ரோசலின் சுற்றிப் பார்த்தாள். கடலை விற்ற ஆள் நேற்று இரத்தினபுரியில் கடலை விற்ற ஆள். ஒலிபெருக்கிக்காரர் நேற்று ஒலிபெருக்கி கட்டியவர். நேற்று நாற்காலியை வணங்கச் சொன்ன நடுவர் இன்று கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓர் ஓரமாக நின்றார். ரோசலின் தன்னைப் பார்ப்பதைக் கண்டதும் சுவரிலிருந்த படத்தை மிகவும் பக்தியோடு பார்க்கத் தொடங்கினார்.

இறுதிப் போட்டிக்கு, "மேரி! தேவி!" என்று கூப்பிட்டார்கள். மேரியாக ரோசலின் போனாள். தேவியாக வந்து எதிரே நின்றவள் நிரோஷா.

"நீங்க நேத்து..." என்று தொடங்கினாள் ரோசலின்.

"அது எங்க அக்காங்க," என்றாள் நிரோஷா அவசரமாக. பிறகு ரோசலினின் காதோரத்து நகக்கீறலைப் பார்த்தாள். முந்தினநாள் தான் போட்ட கீறல். "நீங்களும் உங்க அக்காவாங்க?"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காக ஆளுக்கொரு எச்சரிக்கை கிடைத்தது. ரோசலின் அன்றும் ஒரு புள்ளியில் வென்றாள். இன்னொரு கிண்ணம் வந்தது.

திங்கட்கிழமை இரண்டு கிண்ணங்களையும் கொண்டுபோய்த் தொரையின் மேசையில் வைத்தாள். தொரை ஒன்றைப் பார்த்தார். மற்றதைப் பார்த்தார்.

"இது சப்ரகமுவ சம்பியன். இதுவும் சப்ரகமுவ சம்பியன். ரெண்டு சம்பியன் இருந்தா ஒன்னும் சம்பியன் இல்ல. ஒரிஜினல் எது?"

"ரெண்டும் ஒரிஜினல்தாங்க தொரை."

"ரெண்டு ஒரிஜினல் இருந்தா ரெண்டும் டூப்ளிகேட்," என்றார் தொரை. சாவி மேசை லாச்சிக்குள் போனது.

ரோசலின் இரண்டு கிண்ணங்களையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். ஒன்றில் மட்டும் வென்றிருந்தால் சாவி கிடைத்திருக்கும். இரண்டில் வென்றதால் கிடைக்கவில்லை. பிள்ளைக் காம்பராவில் அன்று ஒரு குழந்தை அவள் கையைக் கடித்தபோது, இது எவ்வளவு நேர்மையான எதிரி என்று தோன்றியது.

இதற்குள் விஷயம் மாகாணத்து விளையாட்டு அதிகாரி ஒருவர் காதுக்குப் போயிற்று. ஒரே மாகாணத்துக்கு இரண்டு சம்பியன்கள் இருப்பது அவருடைய அறிக்கைக்கு ஒத்துவரவில்லை. தோ சம்பியனும் டோ சம்பியனும் மோத வேண்டும், வெல்கிறவரே சப்ரகமுவ சம்பியன் என்று உத்தரவிட்டார். போட்டிக்கு ஐக்கியக் கிண்ணம் என்று பெயர் வைத்தார். இரத்தினபுரிக்கு இருதயராஜ் வரமாட்டார், கேகாலைக்கு குணதிலக்க வரமாட்டார். இரண்டு ஹன்ஷிமாரும் இதுவரை எட்டிக்கூடப் பார்க்காத இடம் ஒன்று வேண்டும் என்று தேடி, கடைசியில் மேல்கந்தைத் தோட்டத்துப் பிரட்டுக்களத்தைக் கண்டுபிடித்தார்கள். காலையில் பேர் கொடுத்து வேலைக்குப் போகிற மைதானம் அது.

ஸ்ரான்லி மாஸ்டர் இரத்தினபுரிக்கு ஓடினார். விஷயத்தைச் சொல்ல வாயைத் திறந்தார். "எதிரிச் சம்பியனைப் பற்றி என் முன்னால் பேசாதே," என்றார் ஹன்ஷி குணதிலக்க. கேகாலைக்கு ஓடினார். "அவங்க சம்பியன் பேரைச் சொன்னா நான் காது கழுவணும்," என்றார் ஹன்ஷி இருதயராஜ். மாஸ்டர் திரும்பி வந்து ரோசலினிடம் சொன்னார்:

"ஒன்னும் செய்ய ஏலாது. நீ உன்ன அடிச்சே ஆகணும்."

அன்று தோட்டமே பிரட்டுக்களத்தில் கூடியது. வரவேற்பு வளைவு இரண்டு, ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக. பின்னால் இருந்த வளைவுக்காரர் தம்முடையதைக் கொஞ்சம் உயர்த்திக் கட்ட, முன்னால் இருந்தவர் அதைவிட உயர்த்த, கடைசியில் இரண்டும் மின்கம்பியைத் தொடப் போனபோது தொரை தலையிட்டார். குத்துவிளக்கும் இரண்டு. யாருடையதை முதலில் ஏற்றினாலும் கலவரம் வரும் என்பதால் விளையாட்டு அதிகாரி இரண்டு கையிலும் இரண்டு மெழுகுதிரி பிடித்து, ஒரே மூச்சில் இரண்டையும் கொளுத்தினார். முன்வரிசையில் இருந்த ரோசலினின் தாய் தங்கம்மா அதைப் பார்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று கும்பிட்டுக்கொண்டாள்.

ஹன்ஷிமார் பேசினார்கள். குணதிலக்க நீளமாகப் பேசினார். இருதயராஜ் அதைவிட நீளமாகப் பேசினார். குணதிலக்க எழுந்து, தாம் இன்னும் முடிக்கவில்லை என்றார்.

பிறகு அழைத்தார்கள்.

"சிவப்பு! ரோசலின்!"

ரோசலின் சிவப்புப் பட்டி கட்டிக்கொண்டு போய் நின்றாள். தோ ஆட்கள் ஆரவாரம் செய்தார்கள்.

"நீலம்! மேரி!"

யாரும் வரவில்லை.

"பார்த்தீர்களா, ஓடிவிட்டாள்!" என்றார் குணதிலக்க.

ரோசலின் ஒரு பெருமூச்சு விட்டாள். சிவப்புப் பட்டியை அவிழ்த்தாள், களத்தைக் கடந்தாள், நீலப் பட்டியைக் கட்டிக்கொண்டு மறுபக்கம் நின்றாள். இப்போது சிவப்பில் ஆள் இல்லை.

"பாத்தீங்களா, ஓடிட்டா!" என்றார் இருதயராஜ்.

"ஐயா," என்றாள் ரோசலின், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "ரெண்டும் நான் தாங்க. ரோசலினும் நான்தான், மேரியும் நான்தான். வேற ஆள் இல்லைங்க."

நடுவர்கள் கூடிப் பேசினார்கள். விதிப் புத்தகங்களைப் புரட்டினார்கள். ஒருவர் தன்னோடு மோதக்கூடாது என்று தோ விதியிலும் இல்லை, டோ விதியிலும் இல்லை. சங்கம் பிரிந்தபிறகு இரண்டு புத்தகமும் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான்.

"அப்படியென்றால் இன்னும் நல்லது," என்றார் குணதிலக்க. "எங்கள் ரோசலின் அவர்களுடைய மேரியை அடிக்கட்டும்."

"எங்க மேரி வாங்கிக்கிட்டு நிக்க மாட்டா!" என்றார் இருதயராஜ்.

விளையாட்டு அதிகாரி நேரத்தைப் பார்த்தார். "யாராவது ஒருவர் வென்றால் போதும் நங்கி. எனக்கு அறிக்கை அனுப்ப வேண்டும்."

ரோசலின் தொரையைப் பார்த்தாள். தொரை சாவியைப் பொக்கட்டில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். அந்தச் சாவிக்காக என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று அவளுக்கு அப்போது இன்னும் ஒரு நினைப்பு இருந்தது.

போட்டி தொடங்கியது. அவள் சிவப்பில் நின்று காற்றில் ஒரு குத்து விட்டாள். சிவப்புக் கொடி உயர்ந்தது. ஓடிப்போய் நீலத்தில் நின்று ஓர் உதை விட்டாள். நீலக் கொடி உயர்ந்தது. பட்டியை அவிழ்க்கவும் கட்டவும் ஓடவும்தான் மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரத்தில் கூட்டமும் இரண்டாகிவிட்டது. எப்படி என்று யாருக்கும் தெரியாது. மேல் லயத்து வீடுகளில் இருந்த ஆட்கள் ரோசலின் கட்சி, கீழ் லயத்து ஆட்கள் மேரி கட்சி. ஃபெக்டரி வாச்சர் இருளப்பன் தூணில் ஏறி நின்று, "மேரி, விட்றாத! ரோசலினுக்கு இடுப்பில குடு!" என்று கத்தினார்.

"ரெண்டு பேரும் பாத்து அடிங்கம்மா! பட்டுறப் போவுது!" என்று தங்கம்மா அழுதாள்.

ரோசலின் மேல் லயத்துக்காரி. அவள் நீலத்தில் நின்றபோது சொந்த லயத்து ஆட்களே ஊளையிட்டார்கள். காலையில் அவள் கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு மலைக்குப் போகிற பெண்கள், "தூ, டோகாரி!" என்றார்கள். சிவப்புக்கு ஓடி வந்தாள். அதே பெண்கள், "எங்க தங்கம்!" என்றார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த தடவை ஓடியபோது சிரிப்பு நின்றுவிட்டது. இந்தப் பக்கத்திலும் தன்னை யாருக்கும் தெரியவில்லை, அந்தப் பக்கத்திலும் தெரியவில்லை என்று பட்டது.

"நங்கி, நீ அந்தப் பக்கம் நின்றால் பலமாக அடிக்கிறாய்!" என்றார் குணதிலக்க.

"பொய்! அந்தப் பக்கந்தான் வேகமா ஓடுறா!" என்றார் இருதயராஜ்.

ரோசலின் களத்தின் நடுவில் நின்றாள். இரண்டு பட்டிகளையும் அவிழ்த்துக் கீழே போட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்தாள்.

"எங்க ரெண்டு பேருக்கும் களைப்பா இருக்குங்க. எங்களுக்கு ஏலாது."

ஹன்ஷிமார் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். களத்தில் உட்கார்ந்த குற்றத்துக்காக ரோசலினுக்குத் தோ சங்கம் ஆயுள் தடை விதித்தது. அவளோடு சேர்ந்து உட்கார்ந்த குற்றத்துக்காக மேரிக்கு டோ சங்கம் ஆயுள் தடை விதித்தது. அதோடு விட்டார்களா? சம்பியன் போனால் என்ன, இரண்டாம் இடத்தில் வந்தவர் இருக்கிறாரே!

"எங்கள் சார்பில் நிரோஷா!" என்றார் குணதிலக்க.

"எங்க சார்பில தேவி!" என்றார் இருதயராஜ்.

இரண்டு சங்கமும் தனித்தனியாக அழைத்து வந்து, பின்வரிசையில் ஒரே வாங்கில் உட்கார வைத்திருந்த நிரோஷா தயங்கித் தயங்கி எழுந்தாள்.

"நானும் ரெண்டுங்க," என்றாள்.

அந்த நேரத்தில் மழை வந்தது.

அந்த மலைப்பக்கத்தில் மழை தூறிக்கொண்டு வருவதில்லை, கொட்டிக்கொண்டுதான் வரும். இரண்டு விளக்கும் ஒன்றாக அணைந்தன. இரண்டு வளைவும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, முதல் தடவையாக ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு நின்றன. விளையாட்டு அதிகாரி தம் அறிக்கையைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு ஜீப்புக்கு ஓடினார். பக்கத்தில் இருந்த ஒரே கூரை அரிசிக் காம்பராதான். வெளியூர் ஆட்கள் நனைந்து நோயில் விழுந்தால் தமக்குத்தான் தலையிடி என்று தொரை சாவியை எடுத்து இருளப்பனிடம் எறிந்தார். "கதவைத் திற!"

கதவு ஒற்றைக் கதவு, ஓர் ஆள்தான் போகலாம். ஹன்ஷிமார் இருவரும் வாசலுக்கு ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தார்கள். முதலில் போகிறவர் தலைவர் என்பதால் இருவரும் ஒருவரை ஒருவர் தடுத்தார்கள். பிறகு, முதலில் போகிறவர் மழைக்குப் பயந்து ஓடியவர் என்று பெயராகிவிடுமே என்ற யோசனை இருவருக்கும் ஒரே சமயத்தில் வந்தது. உடனே இருவரும் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.

"நீங்கள் போங்கள்."

"இல்ல, நீங்க போங்க."

"நான் போகமாட்டேன்."

"நான் மட்டும் போவேனா?"

ஹன்ஷிமார் வாசலில் நிற்கும்போது அவர்களைக் கடந்து உள்ளே போக எந்தச் சீடனுக்கும் துணிச்சல் இல்லை. எல்லோரும் அவர்களுக்குப் பின்னால் வரிசையாக நின்று நனைந்தார்கள். வகுப்புப் பெண்கள் மட்டும் பக்கத்துச் சுவரில் இருந்த, முன்பு அரிசி அளந்து கொடுத்த ஜன்னல் வழியாக ஏறி உள்ளே குதித்தார்கள். ரோசலின் குதித்தாள். கை கொடுத்து நிரோஷாவைத் தூக்கிவிட்டாள். நனைந்துபோன ஸ்ரான்லி மாஸ்டரையும் எல்லோருமாக இழுத்துப் போட்டார்கள். அவருடைய சின்னம் ஜன்னல் ஆணியில் மாட்டிக் கிழிந்து வெளியே விழுந்தது. அவர் அதை எடுக்கப் போகவில்லை.

உள்ளே சீமெந்துத் தரை காய்ந்து கிடந்தது. தகரத்தில் மழை இரைந்ததில் வெளியே ஹன்ஷிமார் கத்துவது எதுவும் கேட்கவில்லை.

நிரோஷா கூந்தலைப் பிழிந்து கட்டினாள். "ரெண்டு தடவையும் நாங்க ஒழுங்கா அடிக்கவே இல்லதானே," என்றாள். "கும்பிட்டுக் கும்பிட்டே முடிஞ்சிருச்சு."

"இப்ப அடிப்போமா?"

"யாரு பாக்கிறது?"

"யாரும் வேணாம். பட்டா பட்டுச்சுன்னு சொல்லணும். அம்புட்டுதான்."

பெண்கள் சுவரோரமாக ஒதுங்கி இடம் விட்டார்கள். இருவரும் ஒருவருக்கொருவர் குனிந்து வணங்கினார்கள். ஒரு மனுஷிக்கு வணக்கம் சொல்வது வெறும் நாற்காலிக்குச் சொல்வதுபோல இல்லை என்று ரோசலினுக்குத் தோன்றியது. பிறகு அதை யோசிக்க நேரம் இருக்கவில்லை. நிரோஷாவின் நீளமான கால் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் தோளில் விழுந்தது.

"பட்டுச்சு," என்றாள் ரோசலின்.

அவள் உள்ளே புகுந்து நெஞ்சுக்குக் குத்து விட்டாள்.

"பட்டுச்சுங்க," என்றாள் நிரோஷா.

கைக்குழந்தை கடிக்க வரும்போது நகர்கிறதுபோல ரோசலின் நகர்ந்து நகர்ந்து தடுத்தாள். பெண்கள் கத்தினார்கள், ஆனால் யாருக்காகக் கத்துகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. நல்ல அடி விழுந்த பக்கமெல்லாம் கத்தினார்கள். கடைசியில் நிரோஷா பொய்யாக வலது காலைக் காட்டி, இடது காலால் இடுப்பில் ஒன்று வைத்தாள். ரோசலின் அப்படியே தரையில் குந்திவிட்டாள். மூச்சு திரும்பியதும், "நல்லாப் பட்டுச்சு!" என்று சொல்லிச் சிரித்தாள். நிரோஷாவோடு மோதிய மூன்று போட்டிகளில் இதில்தான் தோற்றிருந்தாள். சந்தோஷமாக இருந்ததும் இதில்தான்.

ஜன்னலுக்கு வெளியே குடையோடு தொரை நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று யாரும் கவனிக்கவில்லை. அவர் ஜன்னலுக்குள் பார்த்தார். பிறகு திரும்பி, மழையில் கோட்டு சுருங்கிப்போய், "நீங்கள் போங்கள்", "நீங்க போங்க" என்று இன்னும் நின்றுகொண்டிருந்த இரண்டு பன்னிரண்டாம் டான்களையும் பார்த்தார்.

"சம்பியன் வரலைங்க தொரை," என்றாள் ரோசலின், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "ரெண்டு பேருக்கும் தடை போட்டுட்டாங்க."

"தெரியும்," என்றார் தொரை. "இருளப்பன், சாவியை அதுங்களுக்குக் குடு. அந்த ரெண்டு பேரும் வெளிய நிக்கிற வரைக்கும் இந்தப் புள்ளைங்க உள்ள இருக்கட்டும்."

கணக்கப்பிள்ளை உரச்சாக்கைப் பற்றி ஏதோ சொல்லப் போனார். தொரை குடையை அவர் பக்கம் சாய்த்தார். குடையில் இருந்த தண்ணீர் முழுவதும் அவர் தலையில் இறங்கியது.

மழை விட்டபின் கலவானப் பக்கம் போகிற பஸ்ஸுக்கு நிரோஷா புறப்பட்டாள். ரோசலின் பாதை வரைக்கும் கூட நடந்தாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வருவீங்களா?"

"போட்டியா?" என்றாள் நிரோஷா. "எந்தச் சங்கம்?"

"சங்கம் இல்லீங்க. சும்மா பழகத்தான்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

நிரோஷா பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். கராத்தேயில் இப்படி ஒன்று இருப்பதாக அவளுக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

"அப்ப எந்தப் பேர்ல வாறது?" என்று கேட்டாள்.